அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எந்த மைக், எவ்வளவு தூரத்தில்?

பத்தடிக்குப் பத்தடி அறை, சிமென்ட் பூசிய சுவர்கள், டைல்ஸ் தரை. இரும்புக் கம்பி பூட்டிய, பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் வகைக் கிட்டார் ஒன்று, இரண்டு மைக்குகளைச் செருகிக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக் ஒன்று. மைக்கை ஒலித்துளைக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் வைத்தால் பதிவு 'கும்' என்று அடைத்துக்கொள்கிறது; பின்னுக்குத் தள்ளினால் குளியலறைக்குள் வாசித்ததுபோல் ஆகிவிடுகிறது. இதைச் சரிசெய்ய வேறு எந்த மைக் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். மைக்கைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் கடைசியாக வர வேண்டியது. மைக்கை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்பதை அறை தீர்மானிக்கிறது. எந்தெந்தத் திசையிலிருந்து ஒலியை வாங்கும் மைக் பொருந்தும் என்பதை அந்தத் தூரம் தீர்மானிக்கிறது. எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எழ வேண்டும். நம்மில் பலர் கடையில் தொடங்கி அறையில் வந்து முடிக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செலவு செய்தேன்.

முதலில் கிட்டார் எப்படி ஒலிக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். துளையிலிருந்துதான் ஒலி வெளியே வருகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. துளையை நோக்கி மைக்கை நீட்டும் பழக்கமும் அதிலிருந்துதான் வருகிறது. உண்மையில் துளை தருவது ஒலியின் ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் பெரும்பாலும் அடிச்சுரப் பகுதியை. வாய் குறுகிய பாட்டிலின் விளிம்பில் ஊதினால் உள்ளிருக்கும் காற்று தனக்கென்று ஒரு சுருதியில் முழங்குவதுபோல, கிட்டாரின் உடலுக்குள் இருக்கும் காற்றும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முழங்குகிறது. ட்ரெட்நாட் அளவுள்ள கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். விரல் வைக்காமல் மீட்டினால் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸிலும் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். துளையின் முழக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. நடுச்சுரங்களையும் மேல்சுரங்களையும் பெரும்பாலும் மேற்பலகைதான் எழுப்புகிறது. அதிலும் கம்பிகள் வந்து பூட்டப்படும் பிரிட்ஜைச் சுற்றியுள்ள அகன்ற பகுதிக்குப் பங்கு அதிகம். மீட்டப் பயன்படும் சிறு தகடான பிக், கம்பியில் படும் சத்தம் வலது கையின் அருகிலும், விரல் சறுக்கும்போது எழும் கீச்சொலி கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளின் பக்கத்திலும் பிறக்கின்றன. இவை எல்லாம் ஒன்று கலந்து ஒரே வாத்தியமாகக் காதில் விழுவதற்குச் சற்று இடைவெளி வேண்டும். கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நேர்மேலே உள்ள சில சிற்பங்கள்தான் தெரியும். கோபுரத்தைப் பார்க்க வேண்டுமானால் சன்னதித் தெருவில் கொஞ்ச தூரம் பின்னால் போக வேண்டும். ட்ரெட்நாட்டின் உடல் ஏறக்குறைய 50 செ.மீ. நீளம் உடையது. மைக் அந்த அளவுக்காவது விலகி நின்றால்தான் மேற்பலகை, துளை, கம்பி ஆகிய மூன்றும் ஒரு சேர்மானத்தில் வந்து சேரும். ஒரு சாண் தூரத்தில் எந்த மைக்கை வைத்தாலும், எத்தனை விலை கொடுத்து வாங்கியதானாலும், அது கிட்டாரின் ஒரு துண்டைத்தான் பதிவு செய்யும்.

உங்கள் பதிவில் கேட்கும் 'கும்' ஒலிக்குத் துளை ஒரு காரணம். இரண்டாவது காரணம் மைக்கிலேயே இருக்கிறது. உங்களிடம் உள்ளதைப் போன்ற கார்டியாய்டு மைக்குகள், அதாவது முன்னால் வருவதை வாங்கிப் பின்னால் வருவதைத் தள்ளும் மைக்குகள், ஒலி எழும் இடத்துக்கு அருகில் போகப்போக அடிச்சுரங்களை மிகைப்படுத்தும். இது பழுதன்று, அந்த வகை மைக் வேலை செய்யும் முறையிலேயே உள்ள இயல்பு. சரியான கார்டியாய்டு ஒன்று, 100 ஹெர்ட்ஸில், 15 செ.மீ. தூரத்தில் சுமார் 6 டெசிபல் கூட்டிக் காட்டும், 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் இரண்டரை டெசிபலாகக் குறையும்; 60 செ.மீ. தூரத்தில் ஒரு டெசிபல்கூட இருக்காது. கிட்டாரே 100 ஹெர்ட்ஸில் முழங்கிக்கொண்டிருக்கும்போது, மைக்கும் அதே இடத்தில் கைகொடுக்கிறது.

மூன்றாவது காரணம் அறை, அதைத்தான் எவரும் சந்தேகிப்பதில்லை. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர், 30 பாகையில் 349 மீட்டர். இந்த வேகத்தை அறையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிலை அலை, அதாவது போய்த் திரும்பும் ஒலிகள் சேர்ந்து நின்று முழங்கும் அலை, உருவாகும் முதல் அதிர்வெண் கிடைக்கும். அது 56 அல்லது 57 ஹெர்ட்ஸ். கிட்டாரில் அவ்வளவு கீழே சுரம் இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம். அடுத்தது அதன் இரு மடங்கு, அதாவது 112 முதல் 114 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பியின் 110 ஹெர்ட்ஸுக்கு அது பக்கத்து வீடு. அறையின் நீளமும் அகலமும் பத்தடி என்பதால் இரண்டு திசைகளிலும் இதே அதிர்வெண். கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று திசைகளிலும் இதே. ஐந்தாவது கம்பியைத் தொட்டவுடன் அறை முழுவதும் சேர்ந்து முழங்குவதன் காரணம் இதுதான். ஆகவே துளை, மைக், அறை ஆகிய மூன்றும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. புதிய கார்டியாய்டு மைக் ஒன்றை வாங்கி அதே இடத்தில் வைத்தால் இவற்றில் ஒன்றுகூட நகராது.

அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்த இடத்தை வெட்டிவிடலாமே என்று தோன்றும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்குவதும், 100ஐ ஒட்டி இரண்டு மூன்று டெசிபல் குறைப்பதும் வழக்கமான வேலைதான். ஆனால் அறையின் முழக்கம் என்பது அளவு மட்டுமன்று, அது கம்பி அடங்கிய பிறகும் நீண்டுகொண்டிருக்கும் ஒலி. ஈக்யூ அதன் அளவைக் குறைக்குமே தவிர, எழுந்த சுரத்துக்கும் அதன் வாலுக்கும் உள்ள விகிதத்தை மாற்றாது. ஆழமாக வெட்டினால் ஐந்தாவது கம்பியின் சுரங்கள் மெலிந்துபோகும், வால் அப்படியே நிற்கும்.

நல்ல வேளையாக, இந்த நிலை அலைக்கு அறைக்குள் அமைதியான இடங்களும் உண்டு. அந்த இரண்டாவது அதிர்வெண்ணின் அழுத்தம் சுவர்களின் ஓரத்திலும் அறையின் நட்டநடுவிலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், அதாவது இரண்டரை அடியில், ஏறக்குறைய இல்லாமல் போகும். ஒலி எழும் இடம் அந்தக் கால் பங்கில் இருந்தால் அந்த அலை சரியாகக் கிளம்பவே முடியாது. உங்கள் நாற்காலி இப்போது அறையின் நடுவில் இருக்கும் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலோர் அங்கேதான் போடுகிறார்கள்; இந்த அறையில் அதைவிட மோசமான இடம் மூலைதான். கிட்டாரின் மேற்பலகை அடுத்தடுத்த இரண்டு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி வருமாறு உட்காருங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்பதால், மூன்றாவது திசையில் கால் பங்குக் கணக்கு தானாகவே பொருந்திவிடுகிறது. ஒருமுறை ஒரு நண்பரின் அறையில் இதே தொல்லைக்காக மூன்று மைக்குகளை மாற்றி மாற்றி வைத்து ஒரு முற்பகலை வீணாக்கினோம். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. அவர் காற்றுக்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மின்சாரம் வந்த பிறகு நாற்காலியை நகர்த்தச் சோம்பல்பட்டு அங்கேயே பதிவு செய்தோம். முழக்கத்தில் பாதி காணாமல் போயிருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

குளியலறை ஒலி வேறு சங்கதி. அது நடுச்சுரங்களும் மேல்சுரங்களும் வெற்றுச் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் வருவது; அடிச்சுரத்தைவிட இதை அடக்குவது எளிது. தடித்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரோரம் நிறுத்திவைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப்பக்கத்தைக் குறைவாகவும் முகத்துக்கு எதிரே உள்ளதை முழுமையாகவும் கேட்கிறது. மைக்கின் முகத்துக்கு எதிரே கிட்டார் வாசிப்பவரும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரும் இருக்கின்றன. ஆகவே மெத்தையை வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும். மைக்கின் பின்னால் வளைத்து மாட்டும் நுரைத் தடுப்புகள் விற்கப்படுகின்றன. அவை மைக் ஏற்கெனவே பாதி கேட்காத திசையை மறைக்கின்றன என்பதால் அந்தப் பணத்துக்கு இன்னொரு மெத்தை வாங்குவது மேல். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும், தரையில் தடித்த ஜமுக்காளம் விரிப்பதும் உதவும். ஆனால் ஜமுக்காளம் மேல்சுரங்களை மட்டும்தான் உறிஞ்சும், முழக்கத்தை அது தொடாது.

இனி மைக்கை எங்கே நிறுத்துவது என்பதற்கு வரலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே வைக்கச் சொல்வது எங்கும் கேட்கும் அறிவுரை. நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். அந்த ஃப்ரெட்டில் மந்திரம் எதுவும் இல்லை. அது கம்பியின் நடுப்புள்ளி என்பதற்கும் மைக்குக்கும் தொடர்பு கிடையாது. துளையின் மையத்திலிருந்து அது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக விலகி இருக்கிறது, துளையின் முழக்கம் நேராக மைக்கில் அறையாது, அவ்வளவுதான். மைக்கை அந்த ஃப்ரெட்டுக்கு எதிரே ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ., தள்ளி நிறுத்தி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை அதன் முகம் பார்க்குமாறு திருப்புங்கள். அங்கிருந்து காது சொல்கிறபடி நகர வேண்டும். ஒலி மெலிந்து கம்பிச் சத்தமாக மட்டும் கேட்டால், மைக்கை நகர்த்தாமல் அதன் முகத்தை மட்டும் துளையின் பக்கம் சிறிது திருப்பினாலே போதுமாக இருக்கும். பிக்கின் உரசல் அதிகமாக இருந்தால் வலது கையின் நேர்க்கோட்டிலிருந்து மைக்கை உயர்த்துங்கள். நைலான் கம்பிக் கிட்டாருக்கும், விரலால் மீட்டும் மென்மையான இசைக்கும் எனக்குப் பிடித்த இடம் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள அகன்ற பகுதிக்கு எதிரே, சற்று மேலிருந்து கீழ் நோக்கிய நிலை. அங்கே மரத்தின் கனிவு கேட்கும், கீச்சொலி குறையும். வாசிப்பவரின் வலது தோளுக்கு மேல், அவருடைய காதின் உயரத்தில், மேற்பலகையைக் கீழ்நோக்கிப் பார்க்கும் இடம் ஒன்றும் உண்டு. 'நான் வாசிக்கும்போது எனக்குக் கேட்கும் ஒலி பதிவில் இல்லையே' என்று குறைப்படுபவர்களுக்கு அந்த இடம்தான் பெரும்பாலும் நிறைவு தரும், அவர்கள் கேட்டுப் பழகியது அந்தக் கோணத்தில்தான் என்பதால்.

தூரம் கூடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. வாசிப்பவர் சிலைபோல் உட்கார்ந்திருப்பதில்லை. பாட்டோடு சேர்ந்து உடல் ஆடும். மைக் 15 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது கிட்டார் 5 செ.மீ. பின்னால் போனால் ஒலி இரண்டரை டெசிபல் குறையும், கூடவே அடிச்சுரமும் மாறும். 45 செ.மீ. தூரத்தில் அதே 5 செ.மீ. ஆட்டத்துக்கு மாற்றம் ஒரு டெசிபலுக்கும் குறைவு. ஒரே பாட்டில் பல்லவி ஒரு நிறமாகவும் சரணம் வேறு நிறமாகவும் இருக்கும் வீட்டுப் பதிவுகளில் பாதிக்கு இதுதான் காரணம். உரத்ததை அடக்கி ஒலியளவைச் சமன்படுத்தும் கம்ப்ரெஸரைக் கொண்டு அதைச் சரிசெய்ய முயல்வது வீண்.

சரி, அறை தாங்கும் தூரம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு எந்த வகை மைக் என்பதைத் தீர்மானிக்கலாம். எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலியை வாங்கும் ஆம்னி மைக்குக்கு அருகில் போனால் அடிச்சுரம் மிகையாகும் தொல்லை அறவே கிடையாது. அது அறையை அதிகம் கேட்குமே என்று பயப்படுகிறோம். கணக்கு இதுதான்: கார்டியாய்டு மைக் 50 செ.மீ. தூரத்தில் எவ்வளவு அறை ஒலியைக் கிட்டாருடன் சேர்த்து வாங்குமோ, அதே விகிதத்தில் ஆம்னி மைக் சுமார் 30 செ.மீ. தூரத்தில் வாங்கும். ஆகவே எதிரொலி மிகுந்த அறையில் நெருங்கித்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், கார்டியாய்டைவிட ஆம்னி நேர்மையான ஒலியைத் தரக்கூடும். இது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும், முயன்று பார்த்தவர்கள் திரும்பிப் போவதில்லை. உங்கள் மைக்கில் பேட்டர்னை, அதாவது ஒலி வாங்கும் திசைகளை, மாற்றும் பொத்தான் இருந்தால் இன்றைக்கே ஆம்னிக்கு மாற்றி ஒரு சாண்முதல் ஒன்றரைச் சாண்வரை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய டயஃப்ரமா சிறிய டயஃப்ரமா என்ற விவாதத்துக்கும் இங்கே ஒரு பொருள் கிடைக்கிறது. பெரியது என்றால் சுமார் ஓர் அங்குல விட்டம், சிறியது என்றால் அதில் பாதி. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை செ.மீ. அளவுதான், டயஃப்ரமின் விட்டம் அதை நெருங்கும்போது பக்கவாட்டிலிருந்து வரும் மேல்சுரங்கள் சீராகப் பதிவாவதில்லை. கிட்டாரோ ஒரு புள்ளியிலிருந்து ஒலிப்பதன்று; மைக் எங்கே நின்றாலும் அதன் ஒலியில் ஒரு பங்கு பக்கவாட்டிலிருந்துதான் வரும், சிறிய அறையில் எதிரொலிகளும் அப்படியே. சிறிய டயஃப்ரம் மைக்குகளைக் கிட்டாருக்கு விரும்புவதற்குப் பெரிய காரணம் இந்தச் சீர்மைதான். மேல்சுரம் 'பளிச்' என்று வரும் என்பது அதற்கு அடுத்ததுதான். நியூமன் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த கேஎம் 84 இந்த வகையில் ஓர் இலக்கணமாகவே நிலைத்துவிட்டது. நாம் இன்று இன்டர்ஃபேஸில் ஒரு பொத்தானை அழுத்திப் பெறும், கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரும் அந்த மைக்கோடுதான் வந்தது. நார்வே ஒலிபரப்பு நிறுவனத்தின் ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்ததால் அந்த எண்ணே உலகத்துக்கு வழக்கமாகிவிட்டது. அதன் பின் வந்த கேஎம் 184 மேல்சுரங்களில் சற்றுத் தூக்கலானது. மந்தமான கிட்டாருக்கு அது உதவும், ஏற்கெனவே கூர்மையான கிட்டாரில் புதுக் கம்பி மாட்டியிருந்தால் காதைக் குத்தும்.

பெரிய டயஃப்ரமுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: அதன் சொந்த இரைச்சல், அதாவது மைக்கின் மின்சுற்றே எழுப்பும் இரைச்சல், பெரும்பாலும் குறைவு. ரோட் என்டி 1-ஏ மைக்கின் இரைச்சல் 5 டெசிபல் என்று அந்த நிறுவனம் குறிப்பிடுகிறது. அதே நிறுவனத்தின் சிறிய டயஃப்ரம் மைக்கான என்டி 5இல் அது 16. ஆடியோ டெக்னிக்கா ஏடி 2020இல் 20 என்பதால், பெரியதெல்லாம் அமைதியானது என்றும் நினைத்துவிட வேண்டாம். அடித்து வாசிக்கும் ஸ்ட்ரம்மிங்குக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. நைலான் கம்பியை விரல்நுனியால் மெல்ல மீட்டும் இசையை ஒரு மீட்டர் தள்ளிப் பதிவு செய்தால் 20க்கும் 5க்கும் உள்ள தூரம் தெளிவாகக் கேட்கும்.

வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கைக் கொண்டு செய்ய முடியாதா என்றும் கேட்கிறார்கள். 1965இல் வந்த ஷூர் எஸ்எம் 57 இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் எங்கும் இருக்கிறது, இசைக்குழுவின் நடுவே தாளத்துக்காக அடிக்கும் கிட்டாருக்கு அது போதும். ஆனால் அது தரும் மின்னழுத்தம் கண்டென்சரைவிட 20 டெசிபல் அளவுக்குக் குறைவு. அதை ஈடுகட்ட இன்டர்ஃபேஸின் கெயினைத் திருகினால் கூடவே இரைச்சலும் எழும். தூரத்தில் வைக்க முடியாது, அருகில் வைத்தால் அடிச்சுரம் மிகையாகும். கிட்டாருக்கென்று புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன். மெல்லிய உலோக நாடா அதிர்ந்து ஒலி வாங்கும் ரிப்பன் மைக் வேறு கதை: முன்னும் பின்னும் கேட்டு இரு பக்கங்களிலும் செவிடாக இருக்கும் அதன் பேட்டர்ன் ஓர் அரிய வசதி, மேல்சுரத்தில் அதன் மென்மை கூர்மையான கிட்டாருக்கு மருந்து. ஆனால் அதற்கு மைக்கின் ஒலியைப் பெருக்கும் நல்ல ப்ரீ-ஆம்ப் வேண்டும், தூரமும் வேண்டும், முதுகுப்பக்கத்தையும் முழுமையாகக் கேட்பதால் நல்ல அறையும் வேண்டும். பத்தடி அறையில் அதற்கு அவசரம் இல்லை.

பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு மட்டும் அந்தப் பேட்டர்ன் அவசரமானதுதான். குரலும் கிட்டாரும் இரண்டு மைக்குகளிலும் கலந்து விழும்போது, ரிப்பனைப் போல எட்டு வடிவப் பேட்டர்ன் கொண்ட மைக்கின் செவிட்டுப் பக்கத்தை வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டால், கிட்டார் மைக்கில் குரல் வியக்கத்தக்க அளவுக்கு மறையும். கார்டியாய்டில் இது முடியாது, அதன் பக்கவாட்டில் குறைப்பு 6 டெசிபல்தான்.

இன்டர்ஃபேஸில் இரண்டாவது துளை காலியாக இருப்பதாலேயே இரண்டு மைக் வைக்க வேண்டும் என்பதில்லை. பாட்டில் தபேலா, வயலின், கீபோர்டு, குரல் எல்லாம் இருக்கும்போது கிட்டாருக்கு ஒரு மைக் மோனோ பதிவுதான் சரியாக உட்காரும். ஸ்டீரியோவில் அகலமாக விரித்த கிட்டார் மற்றவற்றுக்கு இடம் விடாது. தனிக் கிட்டார் என்றால் ஸ்டீரியோவுக்குப் பொருள் உண்டு. வீட்டில் எளிதாகவும் பத்திரமாகவும் செய்யக்கூடியது, ஒரே மாதிரியான இரண்டு கார்டியாய்டு மைக்குகளின் தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 90 பாகைக் கோணத்தில் விரித்துப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே நிறுத்தும் எக்ஸ்-ஒய் முறை. ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் அடைவதால் மோனோவாகக் கேட்டாலும் எதுவும் கெடாது, அகலம் மட்டும் கொஞ்சம் குறைவு. பிரெஞ்சு வானொலியில் பிறந்த ஓஆர்டிஎஃப் முறையில் தலைகளுக்கு நடுவே 17 செ.மீ. இடைவெளியும் 110 பாகைக் கோணமும் இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க இடமுள்ள நல்ல அறைக்கு அதுவே அழகு.

ஒரு மைக்கைக் கழுத்தின் பக்கமும் இன்னொன்றைப் பிரிட்ஜுக்குப் பின்னாலும் வைத்து இரண்டையும் இடம் வலமாகப் பிரிக்கும் முறை ஹெட்ஃபோனில் மயக்கும். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஒலி ஒரு மைக்கை 17 செ.மீ. பிந்தி அடைந்தால் அது அரை மில்லி நொடித் தாமதம். இரண்டையும் மோனோவாகச் சேர்த்தவுடன் 1,000 ஹெர்ட்ஸிலும், அதன் பிறகு 3,000, 5,000 ஹெர்ட்ஸிலும் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் உங்கள் கிட்டார் தகர டப்பாவாகக் கேட்டால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு நூலைப் பிடித்து இரண்டு மைக்குகளும் துளையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்குமாறு அளந்து வைப்பது நல்ல தொடக்கம். கிட்டார் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதில்லை என்பதால் அதுவும் முழுத் தீர்வாகாது. ஆகவே மோனோ பொத்தானை அழுத்தி, ஒரு மைக்கின் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பியும் திருப்பாமலும் கேட்டு, அடிச்சுரம் நிறைவாக இருக்கும் நிலையை வைத்துக்கொண்டு, பிறகு மைக்கைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். மைக்குகளுக்கு இடையிலான தூரம் வாத்தியத்துக்கு உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்ற விதியை இந்த இடத்தில் பலர் எடுத்துப் போடுகிறார்கள். அந்த விதி இரண்டு வாத்தியங்களுக்குத் தனித்தனி மைக் வைக்கும்போது, ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கில் சுமார் ஒன்பதரை டெசிபல் குறைந்து விழுவதற்காகச் சொல்லப்பட்டது. ஒரே கிட்டாரை இரண்டு மைக் பார்க்கும்போது அதற்கு வேலை இல்லை.

நம் ஊருக்கே உரிய சில தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதன் சத்தம் மட்டும் காரணமன்று. மைக்கின் மேல் படும் காற்று அடிநாதமாக உருளும், சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலியில் மெல்லிய நடுக்கம் சேரும். விசிறியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சுருதி சேர்த்தால் பாட்டின் நடுவே கம்பி இறங்காது. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இரும்புக் கம்பி சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்த கம்பியில் இல்லாத மேல்சுரத்தை எந்த மைக்காலும் கொண்டுவர முடியாது என்பதால், பதிவுக்கு முந்தைய நாள் கம்பியை மாற்றி ஒரு மணி நேரமாவது வாசித்துப் பழக்கிவிடுங்கள். கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. அதற்கு மேல் போனால் மேற்பலகை ஊறி ஒலி மந்தமாகும். கண்டென்சர் மைக்கும் ஈரத்தைப் பொறுக்காது, டயஃப்ரமில் ஈரம் படிந்தால் பொரிவதுபோல் சடசடக்கும். மைக்கைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்திருங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மிக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சிவப்பு விளக்கின் விளிம்புவரை போக வேண்டிய தேவை இல்லை.

தனியாகப் பதிவு செய்பவருக்கு மைக்கை நகர்த்திக்கொண்டே கேட்க வழியில்லை. நான் செய்வது இது: 'பன்னிரண்டாவது ஃப்ரெட், ஒரு முழம்' என்று இடத்தை வாயால் சொல்லிவிட்டு அரை நிமிடம் ஒரே பகுதியை வாசிப்பேன், மைக்கை நகர்த்தி, புதிய இடத்தைச் சொல்லி, மறுபடியும் அதையே வாசிப்பேன். இப்படி எட்டுப் பத்து இடங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவு உரப்புக்குக் கொண்டுவர வேண்டும்; இதைத் தவறவிட்டால் உரத்துக் கேட்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். சொன்ன பகுதிகளை வெட்டி, வரிசையைக் கலைத்து, மறுநாள் காலையில் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டால் எந்த இடத்துக்கு அதிகம் பாடுபட்டேனோ அதுவே பிடித்துப்போகிறது.

உங்கள் கையில் உள்ள மைக்கை வைத்தே இதை ஒரு வாரம் செய்துபாருங்கள்: நாற்காலி கால் பங்கில், மெத்தை முதுகுக்குப் பின்னால், மைக் ஒரு முழத்தில். முழக்கம் அடங்கி, மேல்சுரங்கள் மட்டும் கரடுமுரடாக இருந்தால் சிறிய டயஃப்ரம் கார்டியாய்டு ஒன்று வாங்குங்கள். ஆம்னி தலையை மாற்றிப் பூட்டும் வசதி உள்ளதாக இருந்தால் இந்த அறைக்கு இன்னும் பொருத்தம். பின்னணியில் இரைச்சல்தான் குறை என்றால், இரைச்சல் அளவு குறைந்த பெரிய டயஃப்ரம் மைக்கைப் பாருங்கள். முழக்கம் அப்படியே இருந்தால் மைக்குக்கான பணத்தை எடுத்துவைத்துவிட்டு, நாற்காலியை இன்னும் ஓர் அடி நகர்த்துங்கள்.